கேட்டுக்கு அந்தப் பக்கம்

ஒரு கால் கேட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம்... இப்படி ஒரு நிலைமையில் யாரும் காதலில் விழக் கூடாது. விழுந்தால் நிஜமாகவே அடிபடும்.

அப்போது விழவே இல்லை என்றுதான் அவள் இன்றுவரை சாதிக்கிறாள். இருக்கட்டும்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையிலிருந்து பிரிந்து கடல் பக்கம் போகும் அந்தச் சந்தின் வாயில் ஒரு கம்பிக் கேட். சங்கிலி, பூட்டு. அவள் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, தானும் ஏறிக் கேட்டின் உச்சியில் குந்தியிருந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் குரல் வந்தது.

"அப்படியே இருங்க! அசையாதீங்க!"

நாய் வருகிறது என்று நினைத்து உறைந்து போனாள். வந்தது நாய் இல்லை. சந்தின் வளைவில் திரும்பி, கரை கொள்ளாமல், வாத்துகள்! வெள்ளை வெளேரென்று வாத்துகள்... முன்னால் வந்தது சைக்கிளைப் பார்த்து நின்றது. பின்னால் வந்ததெல்லாம் அதன் மேல் முட்டிக்கொண்டு நின்றன. பிறகு எல்லாமாகச் சேர்ந்து சைக்கிளைப் பற்றிக் காரசாரமாகப் பேச ஆரம்பித்தன.

கூட்டத்துக்குப் பின்னால் மழைக்கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, கையில் நீளக் கழியோடு, நெடுநெடுவென்று ஒருவன்.

"எறங்கிக்கட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். பயந்துடும்."

"காலு வலிக்குதுங்க..."

"பூட்டு தொங்கறதைப் பார்த்துட்டுத்தானே ஏறினீங்க? ஏறும்போது வலிக்கலையா?"

சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். கோபமாகப் பேசுகிறவனின் கண்ணும் கோபமாக இருக்க வேண்டாமா? அது உலக வழக்கம். இவனுக்கு வாய் திட்டிக்கொண்டிருந்தது, கண் சிரித்துக்கொண்டிருந்தது. மழைக்கோட்டின் விளிம்பிலிருந்து சொட்டிய நீர் இமையில் விழ, அவன் கண்ணை மூடித் திறந்தான். அட, என்ன கண் இது... என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள்.

வாத்துகள் ஒருவழியாக வேலிக்குள் போயின. அவள் குதித்தாள். குதித்த வேகத்தில் சைக்கிள் மேல் சாய, சைக்கிள் கீழே சாய, ஹேண்டில்பாரில் கட்டியிருந்த பைக்குள் 'சளக்' என்று ஒரு சத்தம். மஞ்சளாக ஒழுக ஆரம்பித்தது.

அவன் குனிந்து பார்த்தான். "முட்டையா?"

"ம்..."

"சைக்கிள்ல எதுக்குங்க முட்டை?"

"வழி நல்லா இருக்கான்னு பார்க்க."

சொன்னதும் அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் உண்மை அதுதான். அவளுடைய அண்ணன் சைக்கிள் கடைக்காரர். சரளைப் பாதையில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயர் போட்ட கிராவல் சைக்கிள்களை வாடகைக்கு விட்டு, ஆட்களைக் கூட்டமாக அழைத்துப் போகிறவர். கார் சத்தம் கேட்டாலே தலைவலிக்கிற ஜனங்கள். ஆற்றங்கரை, கடலோரம், வயல் நடுவே போகும் சந்து என்று தேடித் தேடிப் போகிறவர்கள். அவர்களுக்கு வழி கண்டுபிடித்து மேப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. ஒவ்வொரு வழியையும் பையில் ஒரு பச்சை முட்டையோடு ஓட்டிப் பார்ப்பாள். முட்டை உடையாமல் வந்து சேர்ந்தால், பின் சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டும் அந்த வழியில் போகலாம். உடைந்தால் அன்றைக்கு வேறு வழி.

அவன் சிரிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். "எங்க வழில உடையல. கேட்லதான் உடைஞ்சுது" என்றான் ரோஷமாக. "இங்கேயே இருங்க" என்று உள்ளே போய், பெரிதாக ஒரு வாத்து முட்டையோடு வந்தான். "இது கெட்டி ஓடு. ஆனா இந்தச் சந்துல உங்க சைக்கிளுக்கு இடம் இல்ல. வந்த வழியே போயிடுங்க."

"ஏன்?"

"போன மாசம் இப்படித்தான் ஒரு கூட்டம் வந்துச்சு. கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. அத்தனை வாத்தும் ஆத்துல. நாள் பூரா நீந்தி நீந்திப் பிடிச்சேன். நிறைய திரும்பி வரவே இல்ல. மேப்ல வழி காட்டுதுன்னாங்க. எந்த மடையன் அந்த மேப்பைப் போட்டானோ..."

அவள் மென்று விழுங்கினாள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் இந்தச் சந்து ஒரு சாம்பல் கோடாக அழகாகத் தெரிந்தது. ஓட்டிப் பார்க்காமல், முட்டை இல்லாமல், அவசரத்தில் அவள் கோடு இழுத்துச் சிலருக்குக் கொடுத்தது அந்த ஒரே ஒரு தடவைதான். கோட்டின் மேல் வாத்து நடக்கும் என்று படத்தில் தெரியவில்லை.

"அந்த மடையன் நான்தான்" என்றாள்.

அவன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். பிறகு கேட்டைத் திறந்துவிட்டான்... வெளியே போவதற்கு.

*

மானம் ரோஷம் உள்ளவள் அதோடு விட்டிருப்பாள். அவளுக்கு அது நிறையவே இருந்தது. ஆனால் வேறு வழி இல்லை. மலையடிவாரத்தில் ஆற்றங்கரையைப் பிடித்தால் கடல் வரை ஒரு காரைக்கூடப் பார்க்காமல் போகலாம் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எல்லாம் சேர்ந்துவிட்டது, இந்த ஒரு துண்டைத் தவிர. இந்தச் சந்து இல்லை என்றால் லாரிகள் பறக்கும் பெரிய ரோட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். குழந்தை குட்டியோடு வருகிறவர்களை அதில் ஏற்ற அவளுக்கு மனசு வராது.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனாள்.

"தானா சாத்திக்கிற கேட் போட்டுத் தர்றோம். தள்ளிட்டுப் போனா பின்னாடியே மூடிக்கும்" என்றாள்.

"பார்க்கலாம்" என்றான் வாத்துக்காரன்.

அதற்கடுத்த வாரம், "வாத்துக்கு மஞ்சள் சட்டை ஆகாது" என்றான். அதற்கடுத்த வாரம், "சைக்கிள் மணிச் சத்தம் கேட்டா முட்டை போடாது." பிறகு, "டயர் தடம் பார்த்தா குழம்பிப் போயிடுது." வாரத்துக்கு ஒரு சாக்கு! அவளும் சளைக்கவில்லை. சட்டையை மாற்றினாள், மணியைக் கழற்றினாள். கிழித்த கோட்டைத் தாண்டாத மாணவி மாதிரி ஒவ்வொன்றையும் செய்து காட்டிவிட்டு, "இப்ப என்ன சொல்றீங்க?" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இருங்க... யோசிக்கணும்."

"வாத்தா யோசிக்கணும், நீங்களா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான்."

அடுப்படி ஜன்னலருகே முட்டைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த அவன் அம்மா, வாரா வாரம் இந்தக் கூத்தைப் பார்த்தபடி டீ போட்டுக் கொடுப்பாள். "கண்ணு, இவன் வாத்துகிட்டகூட இவ்ளோ பேசி நான் பார்த்ததில்ல" என்பாள். அவன் எழுந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விடுவான். அது நிறைந்தேதான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சந்து எங்க போய்ச் சேருதுன்னு காட்டுங்க, அப்புறம் சொல்றேன்" என்றான். அவனுடைய சந்து, அவனுக்கே தெரியாதாம்! இருந்தாலும் அவள் முன்னால் போனாள். அவன் ஒரு பழைய இரும்பு சைக்கிளில், அதே ரப்பர் பூட்ஸோடு, மட்கார்டு கடகடக்கப் பின்னால் வந்தான். வேலிச் செடிகள் இரண்டு பக்கமும் தோளை உரசின. சரளை டயருக்குக் கீழே நறநறத்தது. திடீரென்று வேலி முடிந்தது, வானம் பெரிதானது, சாம்பல் நிறத்தில் கடல்... அதன் மேல் மழை, வெகுதூரத்தில், ஒரு திரை போல நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

மனித நடமாட்டமே இல்லை. அலைச் சத்தமும் காற்றும் மட்டும்.

"பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன்" என்றான் மூச்சு வாங்கியபடி. "ஒரு வேலையும் இல்லாம இந்தப் பக்கம் வந்ததே இல்ல."

"இப்ப மட்டும் என்ன வேலையா வந்தீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து மழை வந்து சேர்ந்தது. ஒதுங்க இடமில்லை. தலையிலிருந்து கால் வரை நனைந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மேடு ஏறி வந்ததால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அங்கே மேடு எதுவும் இல்லை.

*

இதற்கு நடுவில் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். செய்துவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை.

மஞ்சள் சட்டை விவகாரத்துக்கும் முன்பே, ஒரு நாள் வீம்புக்கென்று ஆற்றைத் தாண்டி அக்கரையில் ஓட்டிப் பார்த்தாள். பழைய வாய்க்கால் ஒன்று. அதன் கரை மேல் புல் மண்டிய ஒரு தடம். கொஞ்சம் சுற்று. ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத பொதுக் கரை. நேராகக் கடலில் கொண்டுபோய் விட்டது. கார் இல்லை, கேட் இல்லை, வாத்து இல்லை. முட்டையும் உடையவில்லை.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவள் கடல் மணலில் உட்கார்ந்து அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தாள். வழி கிடைத்துவிட்டது என்று அண்ணனிடம் சொன்னால் வேலை முடிந்தது. வேலை முடிந்தால் அந்தக் கேட்டுக்குப் போவதற்கு என்ன சாக்கு? 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்று சொல்கிற தைரியம் அவளுக்கு இந்த ஜென்மத்தில் வராது. அவனோ ஒரு வார்த்தை பிடி கொடுத்துப் பேசுகிறவன் இல்லை. வழி கேட்டு வருகிறவளாகத்தான் அவளை வைத்திருக்கிறானோ, என்னவோ... அவளும் வழி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்ன சொல்றார் உன் வாத்துக்காரர்?" என்று அண்ணன் கேட்கும்போதெல்லாம், "இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்பாள். அது பொய்யில்லை என்பதில் அவளுக்கு ஒரு அற்ப ஆறுதல்.

அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "உனக்குப் பேசத் தெரியல. நான் வந்து ஒரே வார்த்தைல முடிக்கிறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். அவள் காதில் எதுவும் விழவில்லை.

அவன் அம்மாதான் வாசலுக்கு வந்தாள். "இவர்தான் அண்ணனா? வாங்க தம்பி. கேட்டை எப்ப மாட்டறதுன்னு கேக்கத்தானே வந்தீங்க?"

"எந்தக் கேட்டும்மா?" என்றார் அண்ணன்.

"தானா சாத்திக்கிற கேட்டுதான். இந்தப் பொண்ணு சொன்ன மறு வாரமே செஞ்சு கொண்டாந்து கொட்டகைக்குப் பின்னாடி போட்டுட்டான். ஏண்டா மாட்டலைன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான். தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கான், வந்து பாருங்க..."

கழியோடு அங்கே வந்து சேர்ந்த வாத்துக்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப... அன்னைக்கே முடிவு பண்ணிட்டீங்க. அப்புறமும் சட்டையை மாத்து, மணியைக் கழட்டுன்னு... மழையிலயும் வெயில்லயும் வாரா வாரம் வந்து கெஞ்சினேனே, பார்க்க வேடிக்கையா இருந்துச்சா?"

"இல்லங்க, அது வந்து... வழி கொடுத்துட்டா நீங்க..."

"ரொம்ப சந்தோஷம் சார்!" என்று அண்ணன் நடுவில் புகுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாக்கியம் அங்கேயே அறுந்து போனது. குலுக்கி முடிப்பதற்குள் அவள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

அக்கரை வழியை மடியில் கட்டி வைத்திருப்பவள் கேட்கிற கேள்வியா இது? கோபம் வந்தால் அந்த நியாயமெல்லாம் யார் பார்க்கிறார்கள்!

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. கேட்டை மாட்டியாகிவிட்டது என்று அண்ணனுக்குப் போன் வந்தது. "நல்ல மனுஷன்" என்றார் அண்ணன். "மேப்பை முடிச்சுடு. ஆட்கள் காத்துட்டிருக்காங்க."

கடைக்குள் பஞ்சர் வாசனையும் எண்ணெய் வாசனையும். அண்ணி ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தச் சாம்பல் கோட்டைப் பார்த்தாள். அவன் சந்து. நாளைக்கு அதில் யார் யாரோ போவார்கள்... அவன் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, அடுப்படி ஜன்னலைத் தாண்டி. அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகக் கையசைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

"அந்த வழி வேண்டாம் அண்ணா" என்றாள்.

"என்னது?"

"அவர் கொடுத்து நமக்கு ஒண்ணும் ஆக வேண்டாம். அக்கரைல வாய்க்கால் கரை இருக்கு. கடல் வரைக்கும் போகுது. ஓட்டிப் பார்த்துட்டேன்."

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரை வைத்தார். "எப்ப ஓட்டிப் பார்த்தே?"

அவள் மவுஸை அங்குமிங்கும் நகர்த்தினாள்.

"உன்னைத்தான். எப்ப?"

"அது... கொஞ்ச நாளாச்சு..."

"கொஞ்ச நாளாச்சா? அப்ப வழி கைல இருக்கு! அதுக்கப்புறமும் வாரா வாரம் வழி கேக்க எதுக்குடி அங்க போனே?"

குமிழி கிடைத்துவிட்டது போல, அண்ணி டியூபிலிருந்து கையை எடுத்தாள். "ஏங்க, உங்களுக்குச் செயின் மாட்ட மட்டும்தான் தெரியும். சும்மா இருங்க" என்றாள். பிறகு இவள் பக்கம் திரும்பி, "அவர் கேட்டை ஒளிச்சு வச்சார், நீ கரையை ஒளிச்சு வச்சே. இதுல யாரு மேல யாருக்கும்மா கோபம்?"

அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் எதற்கும் இடமில்லாமல் முகம் கோணிக்கொண்டு போனது. வழி கொடுத்துட்டா நீங்க... என்று அவன் ஆரம்பித்த வாக்கியம் எங்கே போய் முடிந்திருக்கும் என்று இப்போதுதான் புரிந்தது. மேப் போடுகிறவளுக்கு அது இத்தனை நாள் தெரியவில்லை!

"போ" என்றாள் அண்ணி.

"மழை வருது அண்ணி..."

"வரட்டும். போடி!"

*

புதுக் கேட் பச்சைப் பெயிண்ட் அடித்து நின்றது. டயரால் ஒரு முட்டு முட்டினாள், திறந்தது. உள்ளே போனதும் சத்தமில்லாமல் தானே மூடிக்கொண்டது.

அவன் கொட்டகைக்குப் பின்னால் ஆற்றுச் சரிவில், வாத்துகள் தப்பிவிடாமல் கழியோடு காவல் நின்றிருந்தான். வாத்துகள் மழையில் குஷியாக நீந்திக்கொண்டிருந்தன. அவளைப் பார்த்ததும் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டான்.

"கேட் நல்லா சாத்துதா?" என்றான்.

"சாத்துது."

"அப்ப வேலை முடிஞ்சுது."

"இல்ல. இந்தச் சந்து எங்களுக்கு வேண்டாம்."

அவன் முகம் சுண்டிப் போனது. "என் மேல கோபம்னா என்னைத் திட்டுங்க. வழியை ஏன்..."

"திட்ட எனக்கு யோக்கியதை இல்லங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அக்கரைல ஒரு வழி இருக்கு. அது கிடைச்சு ரொம்ப நாளாச்சு."

"எவ்ளோ நாளு?"

"வாத்துக்கு மஞ்சள் சட்டை ஆகாதுன்னீங்களே... அதுக்கும் முன்னாடி."

அவன் யோசித்தான். மழைக்கோட்டின் விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"ஆனா அதுக்கப்புறம் சட்டையை மாத்திட்டு வந்தீங்க."

"ஆமா."

"மணியைக் கழட்டிட்டு வந்தீங்க."

"ஆமா."

"வழியைக் கைல வச்சுக்கிட்டா?"

"ஆமாங்க! எத்தனை தடவைதான் ஆமா சொல்லணும்? எனக்கு வழி வேண்டாம். உங்களைப் பார்க்கணும். அதுக்குத்தான் வந்தேன், வாரா வாரம். போதுமா?"

சொல்லிவிட்டாள்! சொன்ன பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாத்துகளைப் பார்த்தாள். அவையும் வாயை மூடிக்கொண்டு இவர்களைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

"நான் அன்னைக்கே மாட்டியிருப்பேன்" என்றான் அவன் மெல்ல. "மாட்டிட்டா நீங்க தள்ளித் திறந்துகிட்டுப் போய்க்கிட்டே இருப்பீங்க. நிக்க மாட்டீங்க. பூட்டு இருந்தாத்தானே நின்னு பேசுவீங்க... அந்த பயம்தான். வேடிக்கை பார்க்கலங்க. சனிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கமே வராது. நாளைக்கு என்ன சாக்கு சொல்றதுன்னு."

"டயர் தடம் பார்த்துக் குழம்பிடும்னது..."

"அது காலைலதான் தோணுச்சு."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். இந்தத் தடவை கண் மட்டும் இல்லை, ஆள் முழுக்க.

"அண்ணன் ஆளுங்க அக்கரைலயே போகட்டும்" என்றாள். "இந்தச் சந்தை மேப்லேர்ந்து எடுத்துட்டேன். இனிமே இதுல யாரும் வர மாட்டாங்க."

"யாருமேவா?"

"ஒருத்தி வருவா."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஏன், மத்த நாள்ல வாத்துக்கு ஆகாதா?"

அவன் கழியைப் பார்த்தான், பூட்ஸைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். பிறகு அவளை நேராகப் பார்த்தான். "தினம் வந்து தினம் திரும்பிப் போறது கஷ்டமாச்சேன்னு பார்க்கிறேன்... திரும்பிப் போகாமயே இருந்துட்டா?"

"அதை எங்க வீட்ல வந்து கேக்கணும்" என்றாள், காற்றுக்குக் கேட்கிற குரலில்.

"சரி" என்றான். அவ்வளவுதான். கழியைக் கீழே போட்டான். "அம்மா! வாத்தைப் பார்த்துக்க!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினான். கொட்டகைக்குள் போய் அந்த இரும்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

"இப்பவேவா?"

"இப்பவேதான். முன்னாடி போங்க, வழி தெரியாது எனக்கு."

மழை கொஞ்சம் விடட்டும் என்று இரண்டு பேரில் ஒருவருக்குமே தோன்றவில்லை.